கண்டம் செய்த கிடாருக்குக் கம்பி கட்டுவது

பாஸ்கர்,

அம்மா நன்றாக இருக்கிறாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பெயரையும் சுமதி பெயரையும் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். நன்றாக இல்லாதது கிடார் ஒன்றுதான். நீ பம்பாயிலிருந்து போன் செய்து, "நைனா, கிடாரு எப்டி கீது?" என்று கேட்டபோது, "நல்லா கீதுடா, நல்லா கீது" என்று இரண்டு தடவை சொன்னேன். எதிர்வீட்டு ஹாலில் நின்றுகொண்டு வேறு என்னத்தைச் சொல்வது? அந்த வீட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டு நம் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தார். உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கக் கையை நீட்டியபடி நின்றாள். நீயும் மூச்சு விடாமல், ரிசப்ஷனில் நீயே மேடையேறி வாசிக்கப் போவதாகவும், வேறு கிடார் வேண்டாம், நம்முடைய கிடாருக்கே கம்பி கட்டித் தயாராக வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாய். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன்தான், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னதை மறந்துவிடு. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

பீரோ மேலிருந்து அதை இறக்கினேன். அம்மாவின் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தது. கட்டிலில் கிடத்தி, டார்ச் அடித்து, தலையிலிருந்து அடிவரை பார்த்தேன். ஃபாக்டரியில் ஆயுசு முழுக்கக் கயிறும் சங்கிலியும் கொக்கியும் சோதித்த கண் இது; எதைப் பார்த்தாலும் விரிசலைத்தான் முதலில் தேடும். மற்ற கிடார்போல இதன் முகப்பு தட்டையாக இருக்காது, இட்லி மாதிரி நடுவில் உப்பியிருக்கும், வட்ட ஓட்டைக்குப் பதில் வயலினில் இருப்பதுபோல் இரண்டு பக்கமும் வளைந்த துளை இருக்கும் என்று நீதான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாய். அந்த மேடு இப்போது தடித்த கம்பிகள் போகும் பக்கம் அமுங்கியிருக்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், அடியில் வெளிச்சம் தெரிகிறது. அந்தப் பக்கத்துத் துளையின் நுனியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி ஓரம்வரை போயிருக்கிறது. விரலால் தட்டினால் உள்ளே கடகடவென்கிறது. முகப்பை அடியில் தாங்கும் கட்டை ஒட்டு விட்டிருக்க வேண்டும். சுற்றிவர வெள்ளையாக ஒரு பட்டை ஓடுமே, அது மஞ்சளாகி, தொட்டால் உதிர்கிறது. வார்னிஷ் முழுக்க வெடிப்பு. இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று வைத்துக்கொள். கழுத்து உடம்போடு சேருகிற மூட்டு திறந்திருக்கிறது. கையில் கிடைத்த அட்டையை எடுத்து அதன் முனையைச் செருகிப் பார்த்தேன். உன் கல்யாணப் பத்திரிகைதான். சரக்கென்று உள்ளே போய்விட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ கம்பியை விரலால் அழுத்தி வாசிக்கிறவன். அது எவ்வளவு இழுக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆறு எஃகுக் கம்பியும் சுருதிக்கு ஏறி நிற்கும்போது, உன் எடை இருக்கிற ஒரு முழு ஆள் அந்த மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதாக வைத்துக்கொள். நீ வாசித்து முடித்து, மூலையில் சாய்த்துவிட்டு, சாப்பிடப் போன பிறகும் அவன் தொங்கிக்கொண்டேதான் இருப்பான். தூங்கப் போனாலும் தொங்குவான். அப்பளம்போல் செதுக்கிய மரம், என்னைவிட மூத்த மரம், அதில் ஒரு ஆள் ராப்பகலாகத் தொங்குகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? எல்லோருக்கும் அது பாட்டுப் பெட்டி. எனக்கு அது எப்போது அறும் என்று தெரியாத பாரம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. ஏகாம்பரத்தை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் 'கறுப்புக் கண்ணாடி மாமா' என்பாய். கிரேன் கொக்கியில் பாரம் கட்டும் வேலையில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் காலை டீக்கு முன்னால், ஒரு பெரிய இரும்பு வார்ப்பைத் தூக்கிக்கொண்டிருந்தோம். எஃகுக் கயிறு அறுவதற்கு முன்னால் ஒரு சத்தம் வரும். பெரிய சத்தமெல்லாம் இல்லை, 'டிக்' என்று ஒன்று, ஒரு புரி விட்டுப்போகிற சத்தம். எனக்குக் கேட்டது. "ஏகா, பின்னால வாடா" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, கயிறு சாட்டை மாதிரி சுழன்று அவன் முகத்தில் அடித்தது. இடது கண் போயிற்று. கயிறு இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் என் கண். அதிலிருந்து இழுத்துக் கட்டிய கம்பி எதைப் பார்த்தாலும் என் உடம்பு தானாகப் பின்னால் போகும். துணி காயப்போடும் கொடியைக்கூட நான் விறைப்பாகக் கட்டியதில்லை. ஈரப் புடவை மண்ணில் புரள்கிறது என்று உன் அம்மா திட்டாத நாளில்லை. அவளுக்குக் காரணம் தெரியாது, எனக்குக் கட்டத் தெரியவில்லை என்றுதான் நினைத்தாள். பாரம் கட்டும் உத்தியோகக்காரனுக்குக் கொடி கட்டத் தெரியவில்லை என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

இப்படிப்பட்டவன் வீட்டுக்கா அந்தக் கிடார் வர வேண்டும்? வந்தது. குவார்ட்டர்ஸ் கிளப்பில், இனி உதவாது என்று கண்டம் செய்த சாமான்களை ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றாகத் தர மாட்டார்கள், குவியல் குவியலாகத்தான் தள்ளிவிடுவார்கள். உனக்கு ஒரு கேரம் போர்டு கிடைக்கட்டும் என்று நான் எடுத்த குவியலில், கால் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் இது கிடந்தது. யுத்த காலத்தில் ஆவடியில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் யாரோ விட்டுப்போனது என்றார் கிளப் வாட்ச்மேன். அதன் முதுகில் சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போட்டிருந்தது. அதே குறியை நானே எத்தனையோ கொக்கிக்கும் சங்கிலிக்கும் போட்டிருக்கிறேன். ஃபாக்டரியில் எங்கள் ஷாப்பில் அந்தக் குறி விழுந்த சாமானை எவனும் தொடக்கூடாது, அதில் பாரம் கட்டினால் சீட்டுக் கிழிந்துவிடும். வெந்நீர் அடுப்புக்கு ஆகும் என்று நினைத்துத்தான் எடுத்துவந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீ மண்ணெண்ணெய்த் துணியை வைத்து அந்தக் குறியைத் துடைத்துவிட்டிருந்தாய். முழுக்கப் போகவில்லை. இப்போதும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது.

அப்புறம் நீ மண்ணூர்பேட்டையில் உன் மாமன் வீட்டுத் தெருவில் மெல்லிசைக் குழு வைத்திருந்த பசங்களோடு சேர்ந்தாய், கம்பி கட்டினாய், கற்றுக்கொண்டாய். நீ கீயைத் திருக ஆரம்பித்தால், கம்பி ஏற ஏற ஒரு கிறீச்சு வருமே, அது கேட்டதும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். உன் முகம் வேறு அதன் மேலேயே கவிழ்ந்திருக்கும். காதை வைத்துக் கேட்பாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். "இன்னாய்யா, புள்ள வாசிக்க ஒக்காந்தா நீ எய்ந்து ஓட்ற?" என்று உன் அம்மா கேட்பாள். சில நாள் வெளியே போக முடியாது, மழை பெய்யும். அப்போதுதான், "நிறுத்துடா அந்தச் சனியன, மனுசன் நிம்மதியா ஊட்ல இருக்க வேணாமா?" என்று கத்தியிருக்கிறேன். நீ கிடாரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாய். நான் கோபக்காரன் என்று முடிவு செய்துவிட்டாய். பூந்தமல்லியில் நிச்சயதார்த்தத்தன்று, சாப்பாடு ஆனதும், சுமதி எனக்குத் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டு, "மாமா, உங்களுக்குப் பாட்டுன்னாலே ஆவாதாமே? அவர் வாசிச்சு ஒரு நாளும் நீங்க ஒக்காந்து கேட்டதில்லையாமே?" என்று சிரித்தபடிதான் கேட்டாள். நல்ல பெண், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. நான்தான் எடுத்த வெற்றிலையை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டேன். என் மகன் எனக்குத் தன் வாசிப்பு பிடிக்காது என்று நம்பிக்கொண்டு, அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் சொல்லி வைத்திருக்கிறான்.

மண்ணூர்பேட்டைக் கதை எல்லோருக்கும் தெரியும், நீயே சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாய். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று உனக்கு முதல் மேடை. எனக்கோ ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. கடைசியில் ஃபாக்டரி புத்தி வேலை செய்தது. எங்கள் ஷாப்பில் புதுக் கயிறு வந்தால், அது தூக்க வேண்டிய பாரத்தைவிட அதிகப் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு வைப்போம். தாங்கினால் பாஸ். அதையே கிடாருக்குச் செய்யச் சொன்னேன். "நைனா, இது இன்னா கிரேனா? கிடாரு நைனா!" என்று நீ அழாத குறையாகக் கத்தினாய். சுருதிக்கு மேலே, இன்னும் மேலே என்று நான் விரட்ட, நீ பல்லைக் கடித்துக்கொண்டு கீயைத் திருகினாய். காலைப் பலகாரத்திலிருந்து மத்தியானச் சாப்பாடுவரை அதைக் கட்டிலில் போட்டுவிட்டு, எவனையும் பக்கத்தில் விடாமல் நான் வாசலில் காவல் இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. 'பாஸ்' என்று நானே முதுகில் தட்டிக்கொடுத்தேன், அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். அப்படிச் சோதித்துத் தேறிய கயிற்றையும் மறுபடி புரி புரியாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. கம்பிகளை அடியில் பிடித்துக்கொண்டிருந்த பித்தளைத் தகட்டின் கீல் மட்டும் மடிப்புக்குள் மறைந்திருந்தது; என் சோதனை அதில் போட்ட விரிசல் என் கண்ணில் படவில்லை. மேடையில் இரண்டாவது பாட்டில் அது பிய்த்துக்கொண்டது. ஆறு கம்பியும் தகடுமாகச் சேர்ந்து மேலே எகிறி உன் முகத்தில் அடித்தது. இதுவரை உனக்குத் தெரியும்.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் பாட்டுக் கேட்காது என்றுதான் அங்கே போனேன். பாட்டுக் கேட்கவில்லை. ஆனால் 'டிக்' என்றது கேட்டது. எப்படிக் கேட்டது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, பாஸ்கர், அவ்வளவு பெரிய ஜெனரேட்டர் ஓடுகிறது, மைக் அலறுகிறது. நீ கையால் முகத்தைப் பொத்துவதற்கு முன்னாலேயே நான் மேடைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். உன்னை அள்ளித் தோளில் போட்டபோது உன் கண்ணிருந்த இடத்தில் ரத்தம்தான் தெரிந்தது. எனக்கு ஏகாம்பரம் முகம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுவிப் பார்த்துவிட்டு, புருவத்தில்தான் வெட்டு, கண்ணுக்கு ஒன்றுமில்லை, தையல் போட்டால் போதும் என்றார். நான் வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். "அத்த அடுப்புல போடு. நீ போடலன்னா நான் போட்றேன், பாரு" என்று உன் அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அதுதான் எண்ணம், கோடாலியைக்கூட எடுத்துவைத்தேன். மறுநாள் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்த நீ, தண்ணீர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை, "நைனா, கிடாரு இன்னாச்சு?" என்று கேட்டாய். அதற்கப்புறம் எப்படி எரிப்பது? புடவையைச் சுற்றி பீரோ மேல் வைத்தேன். உனக்கு எட்டக்கூடாது என்று ஸ்டூலை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அதைத்தான் நீ 'எங்க நைனா கிடாரைப் புடுங்கி வெச்சிட்டாரு' என்று சொல்லிக்கொண்டு, யார் யாரிடமோ கடன் வாங்கி வாசித்துவிட்டு, வேலை கிடைத்ததும் பம்பாய்க்கு ரயில் ஏறினாய்.

அந்தத் தகட்டுக்குப் பதில் டூல் ரூம் ஆள் ஒருவரைப் பிடித்து எஃகில் ஒன்று செய்து வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். இனி ஜென்மத்துக்கும் அது அறாது. ஆனால் அதிலும் ஒரு பயம் இருக்கிறது. ஒரு கண்ணியைப் பலமாக்கினால் இழுப்பு சும்மா இருக்காது, அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகும். இப்போது அது கழுத்து மூட்டைத் தேடும், அமுங்கிய முகப்பைத் தேடும். இதைத்தான் நான் போனில் சொல்ல நினைத்தேன். கம்பி கட்ட வேண்டாம், வேறு கிடாரில் வாசி, உனக்குப் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தால் நீ என்ன நினைத்திருப்பாய் என்றும் தெரியும். 'பாத்தியா, இப்பவும் அவருக்குப் புடிக்கல' என்று சுமதியிடம் சொல்லியிருப்பாய். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு நம் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பட்டணத்தில் ஒரு சந்துக்குள் வயலின் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது இடித்தால் முறைத்துக்கொண்டு போனேன். ஒருவர், "இன்னா பெரியவரே, பொணத்த எட்த்துகினு போற மாரி போற" என்றார். ரிப்பேர்காரர் புடவையைப் பிரித்ததும், "இன்னா சார், இத்த எங்க புட்ச்ச?" என்று கையிலிருந்த பீடியைக் கீழே போட்டார். தட்டினார், மோந்து பார்த்தார், துளைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "அமெரிக்காக்காரன் சரக்கு சார். அங்க ஜனங்க வேலயில்லாம கஞ்சிக்கு வரிசைல நின்னுகினு இருந்த காலத்துல பண்ணது. சோத்துக்கே லாட்டரி அட்ச்சிகினு கீறானுங்க, அதுலயும் ஒருத்தன் ஒக்காந்து இத்த செதுக்கிகீறான் பாரு" என்றார். எனக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம், கம்பி கட்டலாமா என்று கேட்டேன். கட்டலாம் என்றார். உடைந்தால் என்றேன். "ஒடஞ்சா ஒடையும்." அப்போது கட்டக்கூடாதா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் இப்டி மெர்சலாவுற? கட்டாம சுத்தி வெச்சிகினா மட்டும் நல்லாவா கீது? சொம்மா கெடந்துதான் வாயத் தொறந்துகினு கீது. நான் வஜ்ரம் காய்ச்சி ஒட்டித் தரேன். மெல்லிசு கம்பி போடு. ஒரே நாள்ல ஏத்தாத. கொஞ்சம் ஏத்து, வுடு. அது பழகட்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏத்து." விட்டுவிட்டு வந்தேன். மூட்டை ஒட்டி, விரிசலுக்கு உள்ளே சின்னச் சின்ன மரத் துண்டு வைத்து, ஆடின கட்டையையும் ஒட்டிக் கொடுத்தார். அமுங்கியது அமுங்கியதுதான், அதை நிமிர்த்த முடியாது என்றும் சொல்லிவிட்டார்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன்மார் நாலு புத்தி சொல்வார்கள். என்னிடம் நாலு இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். நான் சொன்னதில்லை. நீ பிறந்த அன்று அம்மாவுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று, உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. வெளியே வந்த நர்சம்மாவிடம் பயத்தைச் சொல்லாமல் சண்டை போட்டேன். "யோவ், வெளிய போய்யா" என்று அவள் என்னைத் துரத்தியதை உன் அம்மா உள்ளே படுத்தபடி கேட்டிருக்கிறாள். பிள்ளை பெறும் நேரத்தில்கூடச் சண்டை போட்ட மனுஷன் என்று இன்றைக்கும் சொல்வாள். தண்ணீர்த் தொட்டி மேல் நீ ஏறி நின்றபோது, இறங்கி வந்ததும் பளாரென்று அறைந்தேன். நீ அழுதாய், நான் போய்க் கக்கூஸில் உட்கார்ந்து அழுதேன். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பயந்தவன் முகமும் கோபக்காரன் முகமும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. வீட்டில் இருக்கிறவர்களாவது வித்தியாசம் தெரிந்துகொள்வார்கள் என்று நான் சும்மா இருந்துவிட்டேன். சொல்லாமல் எவருக்கும் தெரியாது, பாஸ்கர். உன்னிடமும் என் ஜாடை இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று மோதிரம் விரலில் ஏறாதபோது சுமதியை ஒரு முறை முறைத்தாயே, அவள் முகம் சுண்டிப்போயிற்று. நீ முறைக்கவில்லை, உனக்கு உதறல் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? அவளிடம் சொல்லிவிடு. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடு.

கிடார் வீட்டுக்கு வந்தது. கம்பியை நானே கட்டினேன். ஆமாம், நான்தான். கம்பிகளைத் தாங்குகிற குதிரைக்கட்டையை எங்கே நிறுத்துவது என்று முதலில் புரியவில்லை, அதை ஒட்டுவதில்லையாம், கம்பி அழுத்தத்தில் நிற்பதுதானாம். உற்றுப் பார்த்தபோது முன்பு அது நின்ற இடத்தில் வார்னிஷ் நிறம் மாறாமல் இருந்தது, அதன்மேல் நிறுத்தினேன். ரிப்பேர்காரர் சுருதிக்கு ஒரு ஊதல் கொடுத்திருந்தார். அதை ஊதி, கீயைத் திருகி, காதை வைத்துக் கேட்டு, கொஞ்சம் ஏற்றினேன். தினமும் கொஞ்சம். உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் கையை மட்டும் நீட்டி, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் திருகினேன். மறுநாள் யோசித்தேன். நீ வாசிக்கும்போது முகம் எங்கே இருக்கும்? அதன் மேலேதானே? அப்படியானால் அறுவது அங்கே என் முகம் இருக்கும்போதே அறட்டும் என்று குனிந்துகொண்டேன். எனக்கு இந்தக் கண் இனி எதற்கு, பேப்பர் படிக்க ஒன்று போதும். நீ எப்படிக் குனிவாயோ அப்படிக் குனிந்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு திருகினேன். கம்பி கிறீச்சிட்டது. மரம் உள்ளே முனகியது. ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வந்தது. 'டிக்' என்று வருமா, வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆறு கம்பியும் சுருதிக்கு வந்துவிட்டது. அம்மா ஜாக்கெட் துணி வாங்கத் திருநின்றவூர் போயிருந்தாள். டார்ச் அடித்து மூட்டைப் பார்த்தேன், இந்தத் தடவை பத்திரிகை முனை நுழையவில்லை. தாங்கிவிட்டது, இனிமேலும் தாங்கும் என்று நான் எழுதித் தர மாட்டேன், தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வாசிக்க ஒரு எழவும் தெரியாது. கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தேன். அப்பா! அந்தச் சத்தம் என் நெஞ்சில் வந்து முட்டியது. கிடாரை நெஞ்சோடு அணைத்துத்தானே பிடிக்கிறீர்கள், அதனால் இருக்கும். இத்தனை வருஷம் நான் வெளியே ஓடி ஓடி, இதையா கேட்காமல் விட்டேன்! இன்னொரு தடவை இழுத்தேன். கேட் படாரென்று திறந்தது. "டேய் பாஸ்கரு! எப்படா ராசா வந்த? சொல்லவே இல்ல!" என்று கத்திக்கொண்டே உன் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். நான் கட்டிலில் கிடாரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பில் போடச் சொன்னவள் அவள், என்ன சொல்வாளோ என்று எனக்கு வேர்த்துவிட்டது. துணிப் பையைக் கீழே வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீயா?" என்றாள். அப்புறம், "இன்னொரு தபா தட்டுய்யா" என்றாள். தட்டினேன். இரண்டு பேரும் அழுதோம், போ.

கிடார் தயார், வந்து எடுத்துக்கொள். ரிசப்ஷனில் நான் ஜெனரேட்டர் பக்கம் போக மாட்டேன். முன்வரிசையில், உனக்கு நேர் எதிரே உட்காருவேன், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை எழுந்திருக்க மாட்டேன். ஆனால் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கும்போது என் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும், அதை மாற்ற எனக்கு இந்த வயதில் வராது. சுமதி பார்த்துவிட்டு மாமாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று உன்னிடம் கேட்பாள். கேட்டால் அவளிடம் சொல், "இல்ல, எங்க நைனா எனக்காகப் பயந்துகினு கீறாரு" என்று.

உன் நைனா